வெயிலில் முதிர்ந்த சரக்கு

கொங்கு கண்ட ஆலைகள் – பகுதி 17

1948 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். சென்னை மாகாணம் முழுவதும் அன்றோடு மதுவிலக்குக்குள் வந்தது. மாவட்டம் மாவட்டமாக விரிந்துகொண்டே வந்த சட்டத்தை ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு எல்லா இடத்துக்கும் பொருத்தி முடித்தது. ஓசூரைத் தாண்டினால் மைசூர் ராஜ்யம். அங்கே சட்டம் வேறு. அதே 1948-ல், எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில், ஜே. என். ராதாகிருஷ்ண ராவ் ஜக்தாலே என்பவர் அம்ருத் டிஸ்டில்லரீஸ் என்ற மது நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்த நிறுவனம் 2004-ல் ஸ்காட்லாந்துக்கே விஸ்கி விற்கப் போனது. பெருந்துறையில் ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது இறங்கிவிடக்கூடிய ஊரில் நடந்த கதை இது. அதன் வேர்களில் இரண்டு மட்டும் நம் பக்கம் ஓடுகின்றன. ஒன்று காவிரிக்கரையில், இன்னொன்று கோயம்புத்தூரின் கரும்புக் காட்டில்.

ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும்

மதுவிலக்கின் சோதனைக்களம் சேலம் மாவட்டம். சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று அதை அங்கே தொடங்கினார். நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது சேலத்துக்குள் அடக்கம். ஈரோடும் பெருந்துறையும் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தன. நடுவில் காவிரி ஓடியது. பள்ளிபாளையத்தில் கடை மூடிக் கிடக்க, பாலம் தாண்டினால் ஈரோட்டில் சட்டம் வேறு. குமாரபாளையத்துக்கும் பவானிக்கும் இடையில் இதே நிலைமை.

அதற்கு முன்பே ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்திருக்கிறது. 1921-ல் அன்றைய காங்கிரஸ்காரரான ஈ. வெ. ராமசாமி, சேலம் தாதம்பட்டியில் தமக்கிருந்த தோப்பில் 500க்கு மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். அவர் சிறைக்குப் போனபோது மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலை முன்னின்று நடத்தினார்கள்.

ராஜாஜிக்கு இன்னொரு தலைவலி இருந்தது. கள், சாராய வருமானம் போனால் கஜானாவுக்கு என்ன வழி? 1939-ல் வந்த சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் அதற்கான பதில். இன்று மளிகைக்கடை ரசீதில் நாம் கட்டும் வரியின் முன்னோர்களில் அதுவும் ஒன்று.

மதுவிலக்கால் மது நிறுவனங்கள் எங்கெங்கோ நகர்ந்தன. ஸ்காட்லாந்துக்காரரான ஆங்கஸ் மெக்டவல் 1826-ல் தொடங்கி, மதராஸை இருப்பிடமாகக் கொண்டு வளர்ந்த நிறுவனம் மெக்டவல். கப்பலில் வந்த மதுவையும் சுருட்டையும் வெள்ளைக்காரர்களுக்கு விற்றது. 1951-ல் அதை விட்டல் மல்லையா வாங்கினார். 1959-ல் முதல் வடிப்பாலையைக் கட்டியபோது அது எழும்பியது மதராஸில் அல்ல, கேரளத்தின் சேர்த்தலையில். பெங்களூரின் ஜக்தாலேக்கு அந்த அலைச்சல் இல்லை. சொந்த ஊரிலேயே தொழில் பார்க்க முடிந்தது.

கோயம்புத்தூர் கரும்பு

ஸ்காட்லாந்தில் விஸ்கி தானியத்திலிருந்து பிறக்கிறது. இந்தியாவில் விஸ்கி என்று விற்றதில் மிகப் பெரும் பங்கு கரும்பு ஆலையின் பின்வாசலில் பிறந்தது. சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கறுத்த, பிசுபிசுப்பான பாகை ஆலைக்காரர்கள் மொலாசஸ் என்பார்கள். ஒரு டன் கரும்பை அரைத்தால் அது 40 முதல் 45 கிலோ வரை கிடைக்கும். ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிட்டு, உயரமான தூண் வடிகலனில் ஏற்றினால், ஒரு டன் மொலாசஸ் 220 லிட்டரை ஒட்டி ஆல்கஹால் தரும். இப்படி 96 சதவீதச் செறிவுக்குச் சுத்திகரித்த ஸ்பிரிட்டில் மூலப்பொருளின் மணமோ சுவையோ அநேகமாக மிஞ்சாது. அதில் தண்ணீர், நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை, மணத்துக்கு எசென்ஸ், விலை கூடிய பாட்டில் என்றால் முளைகட்டிய பார்லியில் வடித்த மால்ட் விஸ்கி கொஞ்சம். பிராந்தியா, விஸ்கியா, ரம்மா என்பதைக் கலக்கும் அறைதான் தீர்மானித்தது.

இவ்வளவு மொலாசஸ் நாட்டில் கிடைக்கக் காரணமானவர்களில் கோயம்புத்தூருக்கு முக்கிய இடம் உண்டு. 1912-ல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. சி. ஏ. பார்பரும் அவரைத் தொடர்ந்து டி. எஸ். வெங்கடராமனும், தென்னாட்டின் சாறு மிகுந்த ‘வெள்ளை’ கரும்பை, கோவைப் பக்கம் தானாக வளர்ந்து கிடந்த காட்டு நாணலோடு இனக்கலப்பு செய்தார்கள். பிறந்த ரகம் கோ 205. 1918-ல் பஞ்சாப் விவசாயிகளுக்குப் போனது. ஒல்லித் தட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வட இந்தியக் கரும்பு விவசாயம் அதற்குப் பிறகு தலைகீழாக மாறியது. ‘கோ’ என்பது கோயம்புத்தூரின் சுருக்கம். வடக்கே வயல் வயலாக நம் ஊர்ப் பெயர் பரவியது. 1932-ல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு வரி கிடைத்ததும் ஐந்தே ஆண்டுகளில் ஆலைகள் பல மடங்காகப் பெருகின. ஆலை பெருகினால் மொலாசஸ் பெருகும். மொலாசஸ் பெருகினால் வடிப்பாலை வரும்.

சர்க்கரையும் சாராயமும் ஒரே வளாகத்தில் வளர்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கடலூர் பக்கம் நெல்லிக்குப்பத்தில் 1842-லேயே சர்க்கரை ஆலை ஓடியது. அதை நடத்தும் ஈ.ஐ.டி. பாரி நிறுவனத்தின் பெயரிலுள்ள முதல் மூன்று எழுத்துகள் ‘ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ்’ என்பதன் சுருக்கம். பெருந்துறைக்கு அருகே பவானி வட்டாரத்தில், அப்பக்கூடல் சக்தி சுகர்ஸ் வளாகத்திலும் தொழிற்சாலை ஆல்கஹாலுக்கான வடிப்பாலை சர்க்கரை ஆலையோடு சேர்ந்தே நின்றது. கவுந்தப்பாடிச் சந்தையில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு மூட்டை மூட்டையாகப் போகும் நாட்டுச்சர்க்கரை மட்டும் இந்தக் கணக்கில் வராது. அதில் பாகு தனியே பிரிக்கப்படுவதில்லை.

பாகு விட்டுப் பார்லி

பார்லியிலிருந்து வடிக்கும் வழக்கம் இந்தியாவில் முற்றிலும் இல்லாமல் இல்லை. இமயமலை அடிவாரத்தில் கசௌலியில் எட்வர்ட் டயர் 19ஆம் நூற்றாண்டில் மது ஆலை நடத்தினார். ஜாலியன்வாலா பாக்கில் சுடச் சொன்ன ஜெனரல் டயரின் தகப்பன் இவர். அந்த ஆலைகளின் வாரிசான நிறுவனத்தை 1949-ல் என். என். மோகன் வாங்கினார். சோலன் நம்பர் ஒன் என்ற விஸ்கி அதன் அடையாளம். குளிர்ந்த மலை, ஸ்காட்லாந்து போன்ற சூழல் என்பதே அங்கே போனதற்கான காரணம். சமவெளி வெயிலில் விஸ்கி தேறாது என்பது அன்றைய பொதுப்புத்தி.

பெங்களூரின் அம்ருத் அந்த வம்பில் ஆரம்பத்தில் சிக்கவில்லை. 1949-ல் அது இறக்கிய முதல் சரக்கு சில்வர் கப் பிராந்தி. தென்னாட்டுச் சந்தை அன்றும் பிராந்திச் சந்தை. பின்னாளில் ராணுவ கேன்டீன்களுக்கு ரம் போனது. 1976-ல் ராதாகிருஷ்ண ஜக்தாலே காலமானபின் மகன் நீலகண்ட ராவ் ஜக்தாலே பொறுப்பேற்றார். அவர் காலத்தில்தான் திருப்பம். 1980களில் கலப்பு விஸ்கிக்குச் சேர்க்க மால்ட்டைச் சொந்தமாக வடிக்க ஆரம்பித்தார்கள். பார்லி பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பக்கத்திலிருந்து லாரியில் வந்தது. 1986-ல் மெக்கின்டாஷ் என்ற கலப்பு விஸ்கி கடைக்கு வந்தது. பெங்களூர்–மைசூர் சாலையில் கெங்கேரியை ஒட்டிய கம்பிபுராவில்தான் இன்றும் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. ஆலை வந்தபோது அது கிராமம். பெங்களூர் மெல்ல வளர்ந்து ஆலையின் வாசலுக்கே வந்துவிட்டது.

வடிக்கும் முறையைப் பார்ப்போம். குழந்தைக்குக் கஞ்சி வைக்கக் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டு, காயவைத்து அரைப்பது கொங்கு வீடுகளில் பழக்கமான வேலை. பார்லிக்கும் அதே பக்குவம்தான். இரண்டு நாள் போல ஊறும். நாலைந்து நாளில் முளைவிடும். முளைவிடும்போது தானியத்துக்குள் நொதிப்பொருள்கள் உருவாகின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவது அவைதான். முளை நீண்டு சர்க்கரையைத் தின்றுவிடுவதற்குள் சூடுகாட்டி உலர்த்தி நிறுத்தவேண்டும். இந்தச் சூட்டுக்கு ஸ்காட்லாந்தில் சில இடங்களில், சதுப்பு நிலத்தில் படிந்து இறுகிய தாவர மண்ணான பீட்டை எரிப்பார்கள். விஸ்கியில் வரும் புகைவாசம் அதன் கொடை.

உலர்ந்த மால்ட்டைக் கரடுமுரடாக உடைத்து, 65 டிகிரி அளவுக்குச் சூடான தண்ணீரில் கரைத்தால் இனிப்பான சாறு வடியும். ஈஸ்ட் விட்டு இரண்டு மூன்று நாள் நொதிக்கவிட்டால் 7 முதல் 9 சதவீத ஆல்கஹால் கொண்ட ஊறல் தயார். ருசியில் அது ஹாப்ஸ் சேர்க்காத பீர். அதைச் செம்பு வடிகலனில் இரண்டு முறை காய்ச்சுகிறார்கள். செம்பு பார்ப்பதற்கு அழகு என்பதற்காக இல்லை. ஆவியிலுள்ள நாறும் கந்தகச் சேர்மங்களை அது பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது காய்ச்சலில் முதலில் இறங்குவது நெடியடிக்கும் தலைவடி. கடைசியில் வருவது எண்ணெய்ப் பிசுக்கான வால்வடி. இரண்டையும் ஒதுக்கி, நடுவில் இறங்கும் தெளிந்த பகுதியை மட்டும் எடுத்து வைப்பார்கள். எங்கே வெட்டுவது என்பதில்தான் வடிப்பவரின் கைத்திறன். தண்ணீர் போல் நிறமற்று இறங்கும் அந்தச் சரக்கை ஓக் மரப்பீப்பாயில் ஊற்றி, இனி காத்திருக்க வேண்டியதுதான்.

பீப்பாய்களில் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே போர்பன் விஸ்கியைப் புதிதாகக் கருக்கிய ஓக்கில்தான் வைக்கவேண்டும் என்று சட்டம். ஒருமுறை பயன்படுத்திய 200 லிட்டர் பீப்பாய் அவர்களுக்கு மிச்சம். உலகம் முழுக்க மற்ற விஸ்கிக்காரர்களுக்கு அது மூலதனம். மரத்திலிருந்து வெனிலா மணமும் பொன் நிறமும் சரக்கில் இறங்குகின்றன.

தேவதைகளின் பங்கு

மரம் மூச்சு விடும். பீப்பாயிலிருக்கும் சரக்கு மெல்ல ஆவியாகும். ஸ்காட்லாந்துக்காரர்கள் அந்த இழப்பைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். அங்கே ஆண்டுக்கு 2 சதவீதம் போல. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும் பெங்களூரில் அது 10 முதல் 12 சதவீதம்.

கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். 200 லிட்டர் பீப்பாயை எட்டு ஆண்டு வைத்திருந்தால் ஸ்காட்லாந்தில் 170 லிட்டர் மிஞ்சும். ஆண்டுக்கு 11 சதவீதம் என்று வைத்தால், பெங்களூரில் 80 லிட்டர்கூடத் தேறாது. முதல் போட்டுக் காத்திருப்பவனுக்கு வயிற்றைக் கலக்கும் எண்கள். பின்னாளில் எட்டு ஆண்டு முதிர்ந்த ஒரு விஸ்கியை அம்ருத் வெளியிட்டபோது ‘பேராசைத் தேவதைகள்’ என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்ததில் வியாபாரத் தந்திரத்தோடு வயிற்றெரிச்சலும் இருக்கிறது.

ஆனால் சூட்டுக்கு இன்னொரு வேலை உண்டு. வெப்பத்தில் சரக்கு விரிந்து மரத்துக்குள் ஆழமாகப் போகிறது. குளிர்ந்தால் சாரத்தோடு திரும்பி வருகிறது. ஸ்காட்லாந்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு எடுக்கும் முதிர்ச்சி இங்கே நாலைந்து ஆண்டில் கிட்டுகிறது. பெங்களூரின் ஓராண்டு ஸ்காட்லாந்தின் மூன்றாண்டுக்குச் சமம் என்பது அம்ருத்தின் தலைமைக் கலவையாளராக இருந்த சுரிந்தர் குமாரின் கணக்கு. தொழிலின் எதிரி என்று கருதப்பட்ட வெயில், முதல் சரக்கைச் சீக்கிரம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதிக நாள் வைத்தால் மரத்தின் கசப்பு மேலோங்கிவிடும் என்ற எச்சரிக்கையும் அதே வெயிலில் அடக்கம். பாட்டிலில் எத்தனை வயது என்று பார்த்து விலை போடும் உலகச் சந்தையில், நாலு வயசுச் சரக்கைப் பன்னிரண்டு வயசுச் சரக்கோடு நிறுத்திப் பேசவேண்டிய கஷ்டம் அதில் தொடங்கியது.

கிளாஸ்கோவில் வெள்ளோட்டம்

ஐரோப்பியச் சட்டப்படி விஸ்கி என்றால் தானியத்திலிருந்து வடித்திருக்க வேண்டும். மரப்பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு இருந்திருக்க வேண்டும். பிரிட்டனில் முதல் உலகப்போர்க் காலத்திலேயே, 1915-ல் இரண்டு ஆண்டு, மறு ஆண்டே மூன்று ஆண்டு என்று இந்தக் கட்டாயம் வந்துவிட்டது. கரும்புப்பாகுச் சரக்கை அங்கே விஸ்கி என்ற பெயரில் விற்கவே முடியாது. அம்ருத்தின் பார்லிச் சரக்குக்கு அந்தத் தடை இல்லை.

நீலகண்ட ராவின் மகன் ரக்‌ஷித் ஜக்தாலே இங்கிலாந்தின் நியூகாசிலில் மேலாண்மை படித்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்திலுள்ள இந்திய உணவகங்களில் இந்திய விஸ்கி விற்க முடியுமா என்பது அவருடைய படிப்பின் ஆய்வுத் தலைப்பு. கிளாஸ்கோவின் பாட் ஸ்டில் என்ற மதுக்கூடத்தில் பெயரை மறைத்துக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள், வரவேற்பு இருந்தது. 2004 ஆகஸ்ட் 24 அன்று கிளாஸ்கோவின் கஃபே இந்தியா உணவகத்தில் அம்ருத் சிங்கிள் மால்ட் அறிமுகமானது. ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு வடித்ததுதான் சிங்கிள் மால்ட்.

உணவகக் கணக்கு தப்பியது. கறி சாப்பிட வருகிறவர்கள் பீர் கேட்டார்கள். ரக்‌ஷித்தும், அவரோடு சேர்ந்து விற்பனைக்கு அலைந்த அசோக் சொக்கலிங்கமும் தனிச்சிறப்பான விஸ்கிக் கடைகள் பக்கம் திரும்பினார்கள். அசோக் பின்னாளில் ஆலையின் தலைமை வடிப்பாளர் ஆனார். 2005-ல் விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே 100க்கு 82 மதிப்பெண் கொடுத்தார். கடைக்காரர்கள் கதவைத் திறக்க அது போதுமாக இருந்தது.

உண்மையான உடைப்பு 2009-ல் வந்த அம்ருத் ஃப்யூஷனால். முக்கால் பங்கு இந்தியப் பார்லி, கால் பங்கு ஸ்காட்லாந்திலிருந்து வந்த பீட் புகையேறிய பார்லி. தன் 2010-ஆம் ஆண்டு விஸ்கி மதிப்பீட்டு நூலில் ஜிம் மர்ரே அதற்கு 97 கொடுத்து உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்றார். அதற்குப் பிறகுதான், 2010-ல், அம்ருத் சிங்கிள் மால்ட் பெங்களூரில் விற்பனைக்கு வந்தது. சொந்த ஊர் வருவதற்கு முன் ஆறு ஆண்டு வெளியூர் வாசம்.

வழி திறந்த பிறகு

அம்ருத் போட்ட தடத்தில் மற்றவர்கள் வந்தார்கள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜான் டிஸ்டில்லரீஸ் கோவாவில் வடித்த பால் ஜான் 2012-ல் லண்டனில் அறிமுகமானது. உத்தரப்பிரதேசத்தின் ராம்பூர் ஆலை 2016-ல் சிங்கிள் மால்ட்டுக்கு வந்தது. ஹரியானாவின் இந்த்ரி பிறகு சேர்ந்தது. தைவானின் காவலான் 2006-ல் தன் முதல் சரக்கை வடித்தது. வெப்பநாட்டு விஸ்கி என்பதே இன்று ஒரு தனி ரகம். 2023-ல் இந்தியாவுக்குள் விற்ற சிங்கிள் மால்ட்டில் பாதிக்கு மேல் உள்நாட்டுச் சரக்கு என்பது இந்திய மதுத் தொழில் கூட்டமைப்பின் மதிப்பீடு. நீலகண்ட ராவ் அந்த எண்ணைப் பார்க்கவில்லை. 2019 மே மாதம் காலமானார்.

மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், வேறு கதை. 1971-ல் கருணாநிதி ஆட்சியில் மதுவிலக்கு தளர்ந்தது. 1974-க்குள் கள்ளும் சாராயமும் மறுபடி மூடப்பட்டன. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கடைகள் திறந்தன. 1983-ல் மது மொத்த விற்பனைக்கான அரசு நிறுவனமாக டாஸ்மாக் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. மொத்தமாக வாங்குவது அரசு ஒன்றே என்றால், நாலைந்து ஆண்டு பணத்தைப் பீப்பாயில் முடக்கி, சரக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேவதைகளுக்குக் கொடுத்து, மீதிக்குக் கூடுதல் விலை கேட்கும் வியாபாரத்துக்கு இடம் குறைவு. அன்றன்றைக்குக் கலந்து, அன்றன்றைக்கு அனுப்பும் வியாபாரம்தான் இங்கே செல்லும். 42.8 சதவீதச் செறிவுள்ள குவார்ட்டர் பாட்டில்தான் நம்மூர்க் கடைகளில் ஓடுகிறது. அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை 46-ல் அடைக்கிறது.

மொலாசஸுக்கும் இப்போது புதுப் போட்டி வந்திருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கும் இலக்கை 2025-ல் எட்டிவிட்டதாக மத்திய அரசு சொன்னது. அதற்கான ஆல்கஹாலில் ஒரு பங்கு கரும்பிலிருந்துதான். சர்க்கரை ஆலையின் பின்வாசலில் மது நிறுவனங்களுக்கு முன்னால் எண்ணெய் நிறுவனங்களின் டேங்கர்கள் நிற்கின்றன. விலை குறைந்த விஸ்கிக்கான ஸ்பிரிட்டுக்கு உடைந்த அரிசியும் மக்காச்சோளமும் கூடுதலாகப் போகின்றன. கட்டாயத்தால் இந்திய விஸ்கி மறுபடி தானியத்தின் பக்கம் நகர்கிறது. மூன்று ஆண்டு பீப்பாயில் இருக்கவேண்டும் என்ற இன்னொரு கட்டாயம் மட்டும் இன்னும் அதைத் தொடவில்லை.

அடுத்த பகுதியில் மலையேறுவோம். 1915-ல் தாமஸ் லீஷ்மன் தென்னிந்தியாவின் ஐந்து பீர் ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸை உருவாக்கினார். அவற்றில் ஒன்று நீலகிரி ப்ரூவரீஸ். மேட்டுப்பாளையத்துக்கு மேலே பீர் காய்ச்சியவர்கள் யார், அதை வாங்கிக் குடித்தவர்கள் யார் என்பதை அங்கே பார்க்கலாம்.

(தொடரும்)